விட்டு விட்டு வரும் நெட்: பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நெட் சுத்தமாக வரவில்லை என்று ஒருவர் வந்தால் எனக்குக் கவலையே இல்லை, காரணம் சீக்கிரம் அகப்பட்டுவிடும். "வருது, போகுது, நீங்க வந்து பார்க்கும்போது நல்லா இருக்கு, வண்டியை எடுத்ததும் மறுபடி போயிடுது" என்று சொல்வார்களே, அதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும். அதிலும் கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு என்றால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "சிஸ்டம் பழசுங்க, மாத்திடுங்க."

மாற்றிய வீடுகளில் புதுக் கம்ப்யூட்டரிலும் அதே நெட் அதே மாதிரி விட்டு விட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அக்கா வாங்கிய அந்த லேப்டாப்பில் இன்றைக்குத் தம்பி டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கிற வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த வீடுகளுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்பது போகிற போக்கில் சொல்லக்கூடிய தொகை இல்லை. கடைக்கு வரும் முன்பே நீங்களாகப் பார்க்கக்கூடியது ஏராளம். நான் ஒரு வீட்டுக்குப் போனால் எந்த வரிசையில் பார்ப்பேனோ அதே வரிசையில் சொல்கிறேன்.

எங்கே அறுகிறது?

எதையும் மாற்றாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுவது, ரவுட்டரை ரீசெட் அடிப்பது, விண்டோஸை அழித்துப் போடுவது எல்லாம் அப்புறம். நெட் உங்கள் திரைக்கு வந்து சேர மூன்று கட்டம் தாண்ட வேண்டும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டு ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை, வைஃபையோ ஒயரோ, இரண்டாவது. கம்ப்யூட்டருக்கு உள்ளேயே மூன்றாவது. எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று தெரியாமல் கை வைத்தால் நன்றாக இருப்பதையும் கெடுத்துக்கொள்வோம்.

நெட் போன அந்த நிமிடத்தில் வீட்டிலுள்ள போனை எடுத்து, அதே வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மறக்காமல் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லை என்றால் போன் சத்தம் போடாமல் சிம்முக்கு மாறிக்கொள்ளும். "போன்ல நல்லா வருதே" என்று பல வீடுகளில் சொல்வது இந்த ஏமாற்றுதான். போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள், கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

பிங் போட்டுப் பார்ப்பது

பிங் என்றால் இன்னொரு கருவியிடம் "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. இந்த வேலைக்குக் காசு கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். எல்லா விண்டோஸிலும் இருக்கும் கறுப்புப் பெட்டி போதும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஒரே சொல்லாக, இடைவெளி விடாமல், ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் டிஃபால்ட் கேட்வே என்ற வரிக்கு எதிரே 192.168.1.1 அல்லது அது மாதிரி ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. அதே பட்டியலில் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்கு முகவரியே கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் வெளி லைனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான் சிக்கல்.

இப்போது பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி டி எழுத்து, மறுபடி ஓர் இடைவெளி, கடைசியில் ரவுட்டரின் எண். என்டர் தட்டினால் விநாடிக்கு ஒன்றாகப் பதில் வரிகள் ஓடத் தொடங்கும். இன்னொரு கறுப்புப் பெட்டியைத் திறந்து, அதே கட்டளையை ரவுட்டர் எண்ணுக்குப் பதிலாக 8.8.8.8 போட்டு ஓட விடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், அதாவது தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் கம்ப்யூட்டர், எப்போதும் விழித்திருக்கும். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். நிறுத்த வேண்டுமானால் கன்ட்ரோலும் சியும்.

நெட் அறும்போது இந்த இரண்டு பெட்டிகளும் என்ன சொல்கின்றன என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ரவுட்டர் பெட்டியில் பதில் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கிறது, 8.8.8.8 பெட்டியில் மட்டும் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வருகிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டர் குற்றமற்றது. வெளி லைன் அறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் வைஃபையோ ஒயரோ அறுகிறது, அல்லது ரவுட்டரே அணைந்து எழுகிறது. ஜெனரல் ஃபெயிலியர் என்று வந்தால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டே அந்த விநாடி கீழே விழுந்துவிட்டது. இரண்டிலும் பதில் நன்றாக வருகிறது, ஆனால் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் மூன்றாவது கட்டம், கம்ப்யூட்டருக்கு உள்ளே.

டைம் என்று ஒவ்வொரு வரியிலும் வரும் மில்லி விநாடிக் கணக்கையும் கவனியுங்கள். ரவுட்டருக்கு ஒயரில் 1 அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். வைஃபையில் 2, 5, 10 என்று ஆடினால் பரவாயில்லை. திடீரென்று 300, 800 என்று குதித்துவிட்டுத் திரும்பினால் இணைப்பு அறாமலே காற்றில் இரைச்சல் அதிகமாக இருக்கிறது. ரவுட்டர் எண்ணிக்கை அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறினால், வீட்டில் யாரோ ஏதோ மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டு போட்டோவெல்லாம் போன் தானாக பேக்கப் எடுக்கும் இரவில் இது சர்வ சாதாரணம்.

எத்தனை மணிக்கு அறுந்தது என்று விண்டோஸ் பிங் குறித்துக் காட்டாது. பக்கத்தில் ஒரு தாளை வைத்து, அறும் நேரத்தை எழுதுங்கள். கூடவே அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும். மோட்டார் போட்டார்களா, மழை பெய்ததா, லேப்டாப் சார்ஜரில் இருந்ததா, பேட்டரியில் இருந்ததா. இந்தத் தாளோடு கடைக்கு வருபவர்களுக்கு என்னால் பாதி நேரத்தில் வேலை முடித்துக் கொடுக்க முடியும்.

வெளி லைன் என்றால்

இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. சுவரில் மாட்டிய பெட்டியில் பான் என்ற லைட் அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். அது சிமிட்டினால் பெட்டி இன்னும் கம்பெனியோடு கைகோக்க முயன்றுகொண்டிருக்கிறது. எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாக வந்தால் கண்ணாடி இழையில் ஒளியே வரவில்லை. நெட் போகும் ஒவ்வொரு முறையும் சிவப்பு வந்து போகிறதா என்று பாருங்கள்.

சிவப்பு வருகிறது என்றால் முதலில் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் இழையைப் பாருங்கள். டிவி ஸ்டாண்டைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் மடங்கி நசுங்கியிருக்கும். ஃபைபரை டீ கிளாஸின் வாய் அளவுக்கு வளைக்கலாம், அதற்கு மேல் வளைத்தால் ஒளி கசிந்து வெளியேறிவிடும். செருகிய முனையைக் கழற்றி ஊதிப் பார்க்காதீர்கள், எச்சில் துளி ஒன்று போதும் அதைக் கெடுக்க. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர் என்பதால் உள்ளே எட்டிப் பார்ப்பதும் கூடாது. மழைக்கு இழை அசையாது. ஆனால் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனால் இணைப்பு முனைகள் கெடும். மொட்டை மாடி வழியாக வரும் லைனை அணில் கடிப்பது, குரங்கு பிடித்துத் தொங்குவது எல்லாம் எங்கள் ஊரில் நடப்பதுதான்.

பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்தால் அதன் பக்கம் திறக்கும். யூசர்நேம், பாஸ்வேர்ட் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே ஆப்டிகல் அல்லது பான் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸ் எண் ஒன்று தெரியும், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. வீடுகளுக்குப் போடும் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. மைனஸ் 26, 27 என்று நின்றால் விளிம்பில் நிற்கிறது, வெயில் ஏறினாலோ காற்று அடித்தாலோ விழும். இந்த எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அதே பக்கத்தில் அப்டைம் என்று ஒன்று இருக்கும். ரவுட்டர் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்ற கணக்கு. நீங்கள் அணைக்கவே இல்லை, ஆனால் அப்டைம் இருபது நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் தானாகச் செத்துப் பிழைத்திருக்கிறது. வெளி லைனையும் விட்டுவிடுங்கள், கரண்டைப் பாருங்கள். போர் மோட்டார் போடும்போது, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, இன்வெர்ட்டர் மாறும்போது வோல்டேஜ் ஒரு கணம் தொய்யும். டிவி தாங்கிவிடும். வயசான அடாப்டர் தாங்காது. அடாப்டரின் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது மாதிரி எழுதியிருக்கும். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் முனை பொருந்துகிறதே என்று செருகுவது ஆபத்தான பழக்கம். ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை மொத்தமாகத் தீரும். செட்டாப் பாக்ஸின் தலைமேல் ரவுட்டரை வைத்திருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள், சூடு ஏறினால் அதுவும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

வைஃபை என்றால்

பழைய கம்ப்யூட்டரின் வயது உண்மையிலேயே தெரியும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015க்கு முந்தைய குறைந்த விலை லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். புது ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டிலும் பேசும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, எந்தக் கருவி எதில் போவது என்று தாங்களே முடிவு செய்யப் பார்க்கும். பழைய கார்டைப் பார்த்து "5க்குப் போ" என்று தள்ளிவிடும், அதற்குப் போகத் தெரியாது, இணைப்பு விழும், மறுபடி ஒட்டும். ரவுட்டர் பக்கத்தில் வயர்லெஸ் பகுதிக்குப் போய் இந்த ஒட்டுமொத்தப் பெயரை நிறுத்தி, 2.4க்கு ஒரு பெயர், 5க்கு ஒரு பெயர் என்று பிரித்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரை 2.4இல் சேருங்கள், போன்களை 5க்கு அனுப்புங்கள். நெரிசலும் குறையும்.

அங்கே இருக்கும்போதே இன்னும் சிலவற்றைச் செய்துவிடலாம். பாதுகாப்பு என்ற இடத்தில் வைஃபையைப் பூட்டும் முறைகளான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்து வைத்திருந்தால் பழைய கார்டுகள் தடுமாறும். 2.4க்கு மட்டும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். டிகேஐபி என்ற பழைய முறை இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுபோகும். சேனல் என்பது அலைவரிசைக்குள் பிரித்த தடம், அதன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். சேனல் ஆட்டோவில் இருந்தால் 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும், எல்லா வீட்டு வைஃபையும் முழு வேகத்தில் இருக்கும். ஆட்டோவில் விட்ட ரவுட்டர் அப்போதுதான் சேனல் மாறி மாறி அலையும்.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் என்றால் ஒரு விஷயம். இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அங்கே விற்ற பழைய கார்டுகள் பலவற்றுக்கு 11க்கு மேல் கண் தெரியாது. ரவுட்டர் தானாக 12க்கோ 13க்கோ போய்விட்டால் அந்த லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலிலிருந்து மறைந்துவிடும், மற்ற எல்லாருக்கும் தெரியும். ரவுட்டர் திரும்ப 6க்கு வந்ததும் தானாக வந்துவிடும். சேனலை நிலையாக வைத்தால் அதோடு சரி.

வீட்டின் அமைப்பையும் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் ரவுட்டர் முகப்பில் இருக்கும், பிள்ளை உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து படிக்கும். நடுவில் எவ்வளவு கனத்த சுவர்கள்! சாதாரண வீட்டிலும் இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவை அலையை நன்றாக மறிக்கும். டெஸ்க்டாப்பின் வைஃபை கார்டு கேபினட்டின் பின்பக்கம், மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்து இருக்கும். யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவி, அதாவது டாங்கிள் என்றால் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். அதை யுஎஸ்பி 3 போர்ட்டில் ஓடும் ஹார்ட் டிஸ்குக்கோ பென் டிரைவுக்கோ பக்கத்தில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலேயே வந்து விழும். படம் காப்பி செய்யும்போது மட்டும் நெட் போகிறது என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது நெட் அறாமல் வருகிறது, பேட்டரிக்கு மாறினால் அறுகிறது என்றால் காரணம் மின்சாரச் சிக்கனம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன்கீழ் உங்கள் வைஃபை கார்டை இரண்டு முறை தட்டுங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுக்கும் டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். அப்புறம் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸை மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். நான் பார்த்த பழைய லேப்டாப்களில் நிறைய இந்த ஒரு டிக்கோடு குணமாயின.

இனி, யாரும் எதிர்பார்க்காத ஒரு காரணம். லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா கீழே கீபோர்டுப் பகுதியில் இல்லை, மேலே திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய இரண்டு ஒயர்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, கீல் வழியாக இறங்கிக் கார்டில் கடுகளவு பித்தளைக் குமிழில் அழுந்தி நிற்கும். வருடக்கணக்காகத் திறந்து மூடியதில் கீலுக்குள் ஒயர் பிய்ந்திருக்கும், அல்லது கீல் உடைந்து ஒட்டவைத்தபோது குமிழ் கழன்றிருக்கும். இதைச் சோதிப்பது சுலபம். ரவுட்டர் பிங்கை ஓட விட்டு, திரையைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். நிமிர்ந்து இருக்கும்போது 3, 4 என்று வந்த டைம், கொஞ்சம் சாய்த்ததும் 500க்குப் போய், இன்னும் சாய்த்தால் டைம்ட் அவுட் என்று நின்று, திரும்ப நிமிர்த்தினால் ஒழுங்கானால் சந்தேகமே வேண்டாம், ஒயர்தான். எந்த சாஃப்ட்வேரும் இதைச் சரிசெய்யாது. ஒயர் மாற்றும் கூலி கொடுக்க மனம் இல்லை என்றால் சில நூறு ரூபாய்க்குச் சின்ன யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிச் செருகி, உள்ளே இருக்கும் கார்டை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்துவிடுங்கள். அதுவே பல வருடம் ஓடும்.

டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர் பற்றி ஒரு சொல். கம்ப்யூட்டர் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "உங்கள் டிரைவர் பழசாகிவிட்டது" என்று மிரட்டும் இலவச சாஃப்ட்வேர்கள் பக்கமே போகாதீர்கள். நன்றாக ஓடியது ஓர் அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டது என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் டிரைவர் தாவலில் ரோல் பேக் டிரைவர் பட்டன் இருக்கும், அதைத் தட்டினால் பழைய டிரைவர் திரும்ப வரும்.

விண்டோஸ் 10 என்றால் இன்னொரு வசதி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ், டபிள்யூலான், ஷோ, டபிள்யூலான்ரிப்போர்ட் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு அடித்தால், கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது விட்டது, என்ன காரணம் சொன்னது என்று ஓர் அறிக்கையே தயார் செய்து, அது சேமித்த இடத்தையும் காட்டும்.

ஒயர் என்றால்

மேசையோடு இருக்கும் டெஸ்க்டாப்புக்கு வைஃபையை விட லேன் ஒயரே மேல் என்பது என் கட்சி. ஆனால் ஒயரும் விட்டு விட்டு வரும். முனையின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் மின்விசிறிக் காற்றுக்கே தளரும். பிங் ஓடும்போது முனையை லேசாக அசைத்துப் பாருங்கள். போர்ட்டில் எரியும் சின்ன லைட்டும் கூடவே அணைந்து எரிந்தால் முனையை மாற்றுங்கள்.

நாக்கு நன்றாக இருந்தும் விடுகிறது என்றால் முனைக்குள் ஒயர்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பாருங்கள். முனை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் நிறம் தெரியும். நாக்கு கீழே இருக்கும்படி, ஒயர் உங்களைப் பார்த்து வரும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இருக்க வேண்டும். கவனியுங்கள், வெள்ளை-பச்சைக்கும் பச்சைக்கும் நடுவில் நீல ஜோடி வருகிறது. அவசரத்தில் கிரிம்ப் அடிப்பவர்கள், அதாவது ஒயரை முனையில் செருகி அழுத்துபவர்கள், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கிவிடுவார்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் டேட்டா போவது 1, 2, 3, 6 என்ற நான்கு ஊசிகளில். 3ஆவதும் 6ஆவதும் ஒரே முறுக்கில் வர வேண்டிய ஜோடி. அழகாக அடுக்கினால் அவை இரண்டும் வேறு வேறு முறுக்கிலிருந்து வந்துவிடும். பக்கத்து ஒயரின் இரைச்சலைத் தள்ளிவிடுவதுதான் முறுக்கின் வேலை, அது இங்கே நடக்காது. இரண்டு மீட்டர் ஒயரில் எதுவும் தெரியாது. மாடிக்கு இழுத்த முப்பது மீட்டரில் நெட் வரும், போகும், பெரிய ஃபைல் இறக்கினால் திணறும். எட்டு லைட் வரிசையாக எரியும் விலை குறைந்த டெஸ்டரில் இந்த ஒயர் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் அது எட்டு கம்பியும் அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கண்ணால் நிறத்தைப் பார்ப்பதே சரியான சோதனை. இரண்டு முனையையும் வெட்டி ஒழுங்காக அடித்தால் முடிந்தது.

ஒயரும் நன்றாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் அட்வான்ஸ்டு தாவலில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று ஏதாவது இருந்தால் டிஸேபிள் செய்து பாருங்கள். இதுவும் மின்சாரச் சிக்கனம் செய்யும் குழப்பம்தான்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே என்றால்

இரண்டு பிங்கும் ஓடுகிறது, பக்கம் திறக்கவில்லை. முதலில் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துபோனால், மெயின் சுவிட்சை அணைத்துப் போடும் டெஸ்க்டாப்புகளில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் எல்லாம் சான்றிதழின் தேதியைச் சரிபார்ப்பவை, அதனால் பிரவுசர் "இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று அடம் பிடிக்கும். விண்டோஸ் நெட்டிலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொண்டாலோ, நீங்களே தேதியைத் திருத்தினாலோ எல்லாம் வந்துவிடும். மறுநாள் மறுபடி. விட்டு விட்டு வரும் நெட்டுக்கு இவ்வளவு மலிவான மருந்து வேறு கிடையாது.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்காது என்றால் பிரவுசர் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7க்கு குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான 115 ஈஎஸ்ஆர் அதைவிடக் கூடுதல் காலம் கைகொடுத்தது.

8.8.8.8க்குப் பதில் வருகிறது, ஆனால் ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பிங் செய்தால் ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறதா? டிஎன்எஸ் தகராறு. அடாப்டரின் ஐபிவி4 பிராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் முகவரிகளாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போடுங்கள்.

காலாவதியான ஆன்டிவைரஸ் இரண்டு மூன்று ஒன்றாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, விண்டோஸ் 10 என்றால் அதன் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை மட்டும் வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றால் நெட் பாவம், ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடும் செலவு புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சிறு பங்குதான்.

இவ்வளவுக்கும் பிறகு குழப்பம் தீரவில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் நிறுவாமலே அதிலிருந்து பூட் செய்து, ஒரு சாயங்காலம் முழுக்க நெட் பாருங்கள். அதில் அறாமல் ஓடினால் உங்கள் இயந்திரத்தின் உடம்பில் கோளாறு இல்லை, விண்டோஸிலோ டிரைவரிலோதான். அப்போது கூச்சமில்லாமல் விண்டோஸைப் புதிதாகப் போடலாம், அல்லது மின்ட்டிலேயே தங்கிவிடலாம். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. பேங்க் வேலை செய்கிற வீடுகளுக்கு நான் மின்ட்டைத்தான் சொல்கிறேன்.

கம்பெனிக்குப் போன் போடும்போது

கோளாறு வெளி லைனில் என்று உறுதியான பிறகு "நெட் சரியா வரலைங்க" என்று மட்டும் சொன்னால், ரீஸ்டார்ட் பண்ணுங்க என்று முடித்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "லேன் ஒயரில் போட்டுப் பார்த்தேன். ரவுட்டருக்குப் போகும் பிங் அறவில்லை, வெளியே போவதுதான் அறுகிறது. நேற்று 7.40, 8.15, 9.05க்குப் போனது. அப்போது எல்ஓஎஸ் சிவப்பு வந்தது. ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகவில்லை. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 26 காட்டுகிறது." இப்படிப் பேசுபவருக்கு ஆளை அனுப்பாமல் இருக்க முடியாது. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

லைன்மேன் வந்ததும் அவரிடமும் அந்தத் தாளையும் போட்டோவையும் காட்டுங்கள். அவர் முனையைப் புதிதாக ஒட்டியோ கம்பத்தில் சரிசெய்தோ வந்த பிறகு, அவர் இருக்கும்போதே ரவுட்டர் பக்கத்தைத் திறந்து ஆர்எக்ஸ் பவரைப் பாருங்கள். மைனஸ் 26 என்பது மைனஸ் 20 பக்கம் வந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. எண் மாறவில்லை என்றால் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, இன்னொரு முறை கம்பத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.